கலங்கல் முதல் முகத்துவாரம் வரை

சுங்குவார்சத்திரம் சந்திப்பில் பொழுது விடியும் முன்பே கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிவிடுகின்றன. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், வழிப்போக்கர்கள் தங்கிய சத்திரத்தைப் பெயரில் மட்டும் வைத்திருக்கும் இந்த ஊர்ப்பக்கம் இன்று ஐபோனும் வாஷிங் மெஷினும் செய்து வெளியே அனுப்புகிறது. தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கி ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு. கூட்டமாகக் கிளம்பினால் கடற்கரைக்குத்தான் போவார்கள். பூந்தமல்லி வழியாக பஸ் மாறி, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போனால் பெசன்ட் நகர் மணல்.

அதே மணலுக்கு இந்த வட்டாரத்திலிருந்து இன்னொரு வழியும் உண்டு. அது மழைத்தண்ணீர் போகும் வழி. அதற்கு அடையாறு என்று பெயர்.

நகரத்தில் வாழ்பவர்களுக்கு அடையாறு என்றால் ஒரு பஸ் நிறுத்தம், ஒரு பாலம், மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் ஒரு கறுத்த நீர்ப்பரப்பு. ஆறு பிறக்கும் இடமோ ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், மணிமங்கலத்துக்குப் பக்கத்திலுள்ள மலைப்பட்டு ஏரி. அங்கிருந்து வங்காள விரிகுடா வரை சுமார் 42 கிலோமீட்டர். நீளத்தில் சின்ன ஆறுதான். அதன் வடிநிலத்தில் இருக்கும் ஏரி குளங்களோ இருநூறு அளவில். மலையிலோ ஊற்றிலோ பிறக்காமல், ஏரிகளின் கலங்கல்கள் வழிந்து வழிந்து உண்டான ஆறு இது.

தொண்டை மண்டலத்தின் இந்தப் பகுதிக்கு ஏரி மாவட்டம் என்ற பெயர் சும்மா வரவில்லை. வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும் மழையை வருடம் முழுக்க வைத்துக்கொள்ள, நிலத்தின் மெல்லிய சரிவுக்குக் குறுக்கே கரை போட்டார்கள். மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் மறுகால் நீர் கீழ் ஏரிக்கு வரத்து ஆகும். பாலாற்று நீரை ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டு வந்து ஸ்ரீபெரும்புதூர் ஏரியில் சேர்க்கும் கம்பன் கால்வாயும் அந்தக் கணக்கில் வெட்டப்பட்டதுதான். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி செம்பரம்பாக்கத்துக்குப் போகும். செம்பரம்பாக்கத்தின் உபரி அடையாற்றில் விழும்.

இந்தச் சங்கிலியின் மேல்தான் கடந்த முப்பது ஆண்டுகளில் தொழிற்பேட்டைகள் எழுந்தன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் என்று சிப்காட் வளாகங்கள் பரவின. ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிவது இந்த ஆலைகளால். அதே வேளையில், தாங்கலுக்கு வரும் கால்வாய் ஒரு மதில் சுவரில் முட்டி நின்றால், கீழே உள்ள ஏரிகள் ஒவ்வொன்றாக அதை உணரும். 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, ஏகனாபுரம் மக்கள் நிலத்தோடு சேர்த்து ஏரிகளையும் கம்பன் கால்வாயையும் பற்றித்தான் பேசினார்கள். தங்கள் ஊர்த் தண்ணீர் எங்கே போகிறது என்பது அவர்களுக்கு வரைபடம் இல்லாமலே தெரிந்திருந்தது.

ஏரி இருக்கும் இடத்தில் பறவை இருக்கும். அறுவடை முடிந்த வயல்களில் நத்தைக்குத்தி நாரைகள் வரிசையாக நின்று நத்தைகளைப் பொறுக்குகின்றன. வற்றும் ஏரிகளில் கூழைக்கடாக்கள் மீனைச் சுற்றி வளைக்கின்றன. இந்தப் பறவைகளைக் காப்பதற்குச் செங்கல்பட்டு மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டார்கள். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ், சுடக்கூடாது என்று அவர்களுக்கு உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். ஊராரின் வாதம் விவசாயிகளின் வாதம். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பயிருக்கு உரம். பறவை போனால் விளைச்சல் குறையும்.

மணிமங்கலம் இன்று தாம்பரத்துக்கு மேற்கே ஒரு அமைதியான ஊர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியின் முதுகைக் கண்ட போர்க்களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு இதன் பெயரைச் சொல்கிறது. இங்கே ஆறு இன்னும் ஆறாகவில்லை. கோடையில் மாடு மேயும் அகன்ற ஓடை. ஆதனூர் ஏரியின் நீர் வந்து சேர்ந்த பிறகுதான் உடம்பு பிடிக்கிறது. தெற்கே வண்டலூரில் காட்டோரம் 1985இல் திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. அதற்குள்ளே இருக்கும் ஓட்டேரி ஏரிக்கு மழை நன்றாகப் பெய்த வருடங்களில் நீர்ப்பறவைகள் தாமாகவே வந்து இறங்குகின்றன.

பிறகு வரதராஜபுரமும் முடிச்சூரும். ஆறு பரந்து கிடக்க வேண்டிய தாழ்நிலத்தில் வீட்டுமனைகள் விற்றுத் தீர்ந்த இடம். மழைக்காலம் வந்தால் இங்குள்ளவர்கள் இரு சக்கர வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு, வானிலைச் செய்தியைக் கேட்டபடி தூங்காமல் இருக்கிறார்கள். 2015 வெள்ளம் அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது.

திருநீர்மலையில் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றோடு கலக்கிறது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் கொண்ட ஏரி அது. 2015 டிசம்பர் 1 தொடங்கி ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை கொட்டியது. மதகுகள் திறந்து, மாலைக்குள் நொடிக்கு 29,000 கன அடி வெளியேறியது. செம்பரம்பாக்கத்து நீரோடு, அதற்குக் கீழே நிரம்பி உடைந்த ஏரிகளின் நீரும் சேர்ந்து ஆறு தன் பழைய அகலத்தைக் கேட்டது. இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கை அலுவலர் இதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று அறிக்கையில் எழுதினார்.

அனகாபுத்தூர் நெசவாளர்களின் ஊர். அதைத் தாண்டினால் ஒரு விசித்திரமான காட்சி. சென்னை விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை, பாலம் கட்டி ஆற்றின் மேலேயே நீட்டப்பட்டிருக்கிறது. 2015இல் ஆறு அந்த விமான நிலையத்துக்குள் புகுந்து, பயணிகள் சேவையைப் பல நாட்கள் நிறுத்தி வைத்தது.

மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாபர்கான்பேட்டை என்று ஆறு வளைந்து வளைந்து நகரத்துக்குள் நுழைகிறது. சைதாப்பேட்டையில் 1726இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் தன் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார். மர்மலாங் பாலம் என்று அழைக்கப்பட்ட அது இருந்த இடத்தில்தான் இன்றைய மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. கரையில் துணி வெளுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஆற்றில் வெளுக்க முடியாது என்பதுதான் மாறியது. கரையோரக் குடும்பங்கள் பலவும் வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அந்த அடுக்குமாடிகள் நிற்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில். ஒரு தண்ணீரிலிருந்து இன்னொரு தண்ணீருக்குப் போனார்கள்.

ஆற்றின் தென்கரையிலிருந்து சற்றுத் தள்ளி, நகரத்தின் நடுவே ஒரு காடு. 1821இல் மதராஸ் அரசு வாங்கிய 505 ஹெக்டேர் வேட்டைக் காட்டில் எஞ்சியது இது. ஆளுநர் மாளிகை ஒரு பங்கை வைத்துக்கொண்டது. 1950களின் இறுதியில் ஐ.ஐ.டி. ஒரு பெரும் பங்கை எடுத்துக்கொண்டது. தலைவர்களின் நினைவகங்களும் மருத்துவமனையும் இன்னும் கொஞ்சம் எடுத்தன. மிச்சமிருந்த 2.7 சதுர கிலோமீட்டரை 1978இல் கிண்டி தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள்.

இந்தக் கடற்கரைக்கே உரிய காடு அது. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் சொல்லும் வகை. மேற்குத் தொடர்ச்சி மலையைப் போல வானுயர்ந்த மரங்கள் கிடையாது. குருந்தும் களாவும் முட்புதர்களும் பின்னிக் கிடக்கும் குட்டைக் காடு. சோழமண்டலக் கரை நெடுக இருந்த இந்தக் காடு இப்போது கோயில் காடுகளிலும் இப்படிச் சில துண்டுகளிலும் மட்டும் மூச்சு விடுகிறது. உள்ளே புள்ளிமான்கள் ஏராளம். அவற்றைவிட அருமை வெளிமான். முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகும் கொண்ட கலைமானுக்குப் புல்வெளி வேண்டும், தொலைவு பார்க்கும் வெட்டவெளி வேண்டும். பூங்காவுக்குள் போலோ மைதானம் என்று இன்னும் அழைக்கப்படும் புல்வெளிதான் அதன் கடைசி இடம். கோடியக்கரையில் இதே வெளிமான் கடலோரப் புல்வெளியில் காற்றைப் போல ஓடுகிறது. கிண்டியில் ஓட்டம் சுவரில் முடிந்துவிடுகிறது. காத்தான்கொல்லை, அப்பாலங்குளம் என்ற உள்ளேயுள்ள குளங்கள் நிறைந்தால் அந்தச் சுவருக்குள் விலங்குகள் கோடையைத் தாண்டும்.

கோட்டூர்புரத்துக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய் ஆற்றைத் தொடுகிறது. 1877–78 பெரும்பஞ்சத்தில் பசித்த மக்களுக்குக் கூலி கொடுக்க, அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து எட்டுக் கிலோமீட்டர் வெட்டினார்கள். இன்று அதன் மேல் பறக்கும் ரயிலின் தூண்கள்.

அடையாறு பாலத்தின் கீழே ஆறு சட்டென்று அகல்கிறது. தென்கரையில் 1882இல் பிரம்மஞான சபை வாங்கிய தோட்டம். அங்குள்ள ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்தாலும் விழுதுகள் நிற்கின்றன. வடகரைப் பக்கம் குப்பைமேடாகிக்கொண்டிருந்த ஓடையில் 58 ஏக்கரைத் தூர்வாரி, அலையாத்திச் செடிகள் நட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். நகரத்தின் கழிவுநீரை வாங்கிக்கொண்டேயும் இந்தக் கழிமுகம் உயிர்ப்போடு இருக்கிறது. நீர் வடிந்த சேற்றில் நெடுங்கால் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அலகால் துழாவுகின்றன. அவற்றில் சில வடதுருவத்தின் பக்கத்திலிருந்து வந்தவை.

இனி முகத்துவாரம். ஒரு பக்கம் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம், மறுபக்கம் ஊரூர் ஆல்காட் குப்பம். இரண்டு மீனவக் குப்பங்களையும் இணைத்து 1967இல் கட்டிய பாலம் 1977இல் வெள்ளத்தில் அறுந்தது. அந்த உடைந்த பாலம் அப்படியே நிற்கிறது. மழைக்காலத்தில் ஆறு வேகமெடுத்து வாயைத் திறக்கும். மழை ஓய்ந்தால் கடல் மணலைக் கொண்டுவந்து அடைக்கும். எந்த மாதம் எவ்வளவு திறக்கும், எந்தக் காற்றுக்கு மணல் எப்பக்கம் நகரும் என்பதைக் குப்பத்துப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும். மீனும் இறாலும் உள்ளே ஏறி வருவது அந்தத் திறப்பு வழியே.

ஸ்ரீபெரும்புதூர் ஏரிகளுக்கும் இந்த மணலுக்கும் உள்ள உறவைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஒரு பெருமழைக்கு மறுநாள் இங்கே வர வேண்டும். கடற்கரை பச்சையாகிக் கிடக்கும். ஆகாயத்தாமரை. மேலே கழிவுநீர் கலந்த நீர்நிலைகளில் கொழுத்து வளர்ந்த செடி, ஆற்றோடு இறங்கி, கடலால் துப்பப்பட்டு, மணலில் குவிந்திருக்கும். 2019 டிசம்பரில் இதே கரையில் வெண்ணுரை பொங்கியது. சுத்திகரிக்காத கழிவுநீரும் சோப்பும் மழையோடு வந்து சேர்ந்த நுரை. குழந்தைகள் அதில் விளையாடினார்கள்.

அந்த மணலுக்குத்தான் பங்குனி ஆமை வருகிறது. தை பிறந்ததும் தொடங்கி, இரவு நேரத்தில், தனியாக. பின்கால் துடுப்பால் குழி தோண்டி நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலை மூடி, உடம்பால் தட்டிச் சமன் செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகும். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகம், குளிர்ந்தால் ஆண். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நகரும். இருண்ட கரையில் அந்த வெளிச்சம் கடல். பெசன்ட் நகரில் அது தெருவிளக்கு.

அதனால்தான் 1970களின் தொடக்கத்தில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் சென்னைக் கரையில் இரவு நடையைத் தொடங்கினார்கள். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு அதைத் தொடர்கிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர், ஆமைப் பருவத்தில் ஒவ்வோர் இரவும். முட்டைகளை எடுத்து வந்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது. இத்தனைக்குப் பிறகும் 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் வரக்கூடாது என்பது சட்டம். மேலே வந்து மூச்சு விட வேண்டிய உயிர், அதை மீறி வரும் படகின் வலைக்குள் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டால் மூழ்கிச் சாகும்.

மானுக்கு மதில் கட்டியிருக்கிறோம், முட்டைக்கு வேலி போட்டிருக்கிறோம். இரண்டும் ஆற்றின் வால் பக்கம். தலைப்பக்கத்தில் ஒரு வரத்துக்கால்வாய் அடைபட்டாலும், ஒரு தாங்கலில் கழிவு இறங்கினாலும் எந்த வேலியும் அதைத் தடுக்காது. இந்தக் கடற்கரையைக் காக்கும் வேலை மலைப்பட்டிலும் பிள்ளைப்பாக்கத்திலும் கலங்கலைச் செப்பனிடும் இடத்தில் தொடங்க வேண்டும். தேசியப் பூங்காவுக்கு இருக்கும் மரியாதையில் ஒரு பங்கு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஏரிகளுக்கும் கிடைக்க வேண்டும்.

பங்குனி மாத ஞாயிறு, பொழுது சாயும் நேரம். பொரிப்பகத்திலிருந்து கூடையில் குஞ்சுகளைக் கொண்டு வருகிறார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டம், செல்போன் விளக்கை அணைக்கச் சொல்லி ஒரு தன்னார்வலரின் குரல். காலையில் பஸ் மாறி மாறி வந்த கம்பெனிப் பெண்கள் சிலர் முன்வரிசையில் குனிந்து நிற்கிறார்கள். உள்ளங்கை அகலம்கூட இல்லாத கறுத்த குஞ்சுகள் ஈர மணலில் தடம் போட்டுக்கொண்டு அலையைத் தொடுகின்றன. வடக்கே கொஞ்ச தூரத்தில் முகத்துவாரம் முக்கால்வாசி மணலால் அடைபட்டிருக்கிறது. மிச்சமுள்ள வாய்க்கால் அகலத்தில் ஆற்றுத்தண்ணீர் கறுப்பாக, மெதுவாக, கடலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.