ஏலத்தில் ஒரு பொய்க்கேள்வி

 

மதரஸாவில் ஆண்டுதோறும் வணிகம் பற்றிய ஹதீஸ் பாடம் நடத்துகிறேன். அதில் ‘நஜஷ்’ என்னும் சொல்லை விளக்க வேண்டிய நாள் வரும்பொழுதெல்லாம் என் குரல் சற்றே தாழ்ந்துவிடும். வாங்கும் எண்ணம் இல்லாத ஒருவன், பிறரை ஏமாற்றுவதற்காகப் பொருளின் விலையை ஏற்றிக் கேட்பதே நஜஷ் ஆகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதனைத் தடை செய்தார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது.

சென்ற ஆண்டு இப்பாடத்தின்போது ஒரு மாணவன் எழுந்து, “ஹஜ்ரத், அப்படிச் செய்த ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டான். “பார்த்திருக்கிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு நூலை மூடினேன். யாரைப் பார்த்தேன் என்று சொல்லும் துணிவு அன்று எனக்கு வரவில்லை. அதனை உங்களிடம் சொல்லவே இக்கட்டுரை.

நம் தமிழில் ‘ஏலம்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று மலையில் விளையும் மணப்பொருள். மற்றொன்று போட்டியிட்டு விலை கேட்கும் முறை. இச்சொல் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து நமக்கு வந்தது என்பர். இவ்விரண்டும் ஒன்று சேரும் ஊர், எங்கள் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர். இடுக்கி மலைகளில் விளையும் ஏலக்காய் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைப்பாதைகளின் வழியே கீழே இறங்குகிறது. காய் பறிக்கும் பெண்களோ விடியுமுன்பே ஜீப்புகளில் நெருக்கியமர்ந்து அதே பாதைகளில் மேலே ஏறுகின்றனர். அவர்கள் பறிக்கும் பச்சைக்காய் ஏறக்குறைய ஐந்து கிலோ உலர்ந்தால்தான் ஒரு கிலோ ஏலம் கிடைக்கும்.

நறுமணப் பொருள் வாரியம் 2007ஆம் ஆண்டில் கணினி ஏலத்தைக் கொண்டுவந்தது. இன்று வணிகர்கள் கணினியின் முன் அமர்ந்து, திரையில் ஏறும் விலையைப் பார்த்து விசையை அழுத்துகின்றனர். 2021 முதல் போடியிலும் கேரளத்துப் புற்றடியிலும் இருப்போர் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் பங்குபெற முடிகிறது. நான் சொல்லப்போவது இவற்றுக்கெல்லாம் முந்திய காலத்துச் செய்தி. அன்று எல்லாம் வாய்க்கேள்விதான். சரக்கின் மாதிரி கைக்குக் கை மாறும். நிறம் பார்ப்பார்கள், காயின் பருமன் பார்ப்பார்கள், ஒன்றை உடைத்து விதையை மோந்து பார்ப்பார்கள். பிறகு ஒருவர் ஒரு விலை சொல்ல, அதற்கு மேல் மற்றொருவர் சொல்ல, கூடம் சூடேறும்.

உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதிய்யா கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்ற எனக்கு உடனே வேலை கிடைக்கவில்லை. அத்தா நோயில் படுத்திருந்த நேரம் அது. தெரிந்தவர் ஒருவர் மூலம் ஓர் ஏலக்காய் வணிகரிடம் கணக்கெழுதச் சேர்ந்தேன். முதலாளி என்னை ஏலத்திற்கும் அழைத்துச் செல்வார். சில மாதங்களில் அவருக்காக விலை கேட்கவும் பழகிக்கொண்டேன்.

2003ஆம் ஆண்டில் ஒருநாள், அவருடைய தோட்டத்துச் சரக்கே வேறொருவர் பெயரில் ஏலத்திற்கு வந்திருந்தது. முதலாளி என்னைத் தனியே அழைத்து, “அந்த லாட் வரும்போது நீ கேளு. நாம எடுக்க வேண்டாம். கம்பத்து அண்ணாச்சிக்கு அந்தச் சரக்கு மேலே கண்ணு. அவரை ஏத்திவிட்டுட்டு நான் சொல்ற இடத்துல நின்னுடு” என்றார்.

ஓதிப் படித்தவன்தான் நான். நஜஷ் என்னும் சொல்லை அறியாதவனும் அல்லன். எனினும் அந்த நேரத்தில் அது நினைவுக்கு வந்ததாக நடிக்கக்கூட நான் முயலவில்லை. வேலை போய்விடுமே என்ற அச்சம் ஒன்றே இருந்தது. நான் கேட்டேன். அண்ணாச்சி மேலே கேட்டார். மீண்டும் நான் கேட்டேன். அவர் என் முதலாளியின் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மேலே கேட்டார். சொல்லப்பட்ட இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். சரக்கு அவருக்கு முடிந்தது. என் குரல் ஏற்றியது கிலோவுக்கு 15 ரூபாய். லாட்டின் எடை 160 கிலோ. கணக்கெழுதும் கை அல்லவா? 2400 ரூபாய் என்று மனம் அப்போதே பெருக்கிவிட்டது.

அன்று மாலை முதலாளி எனக்கு 100 ரூபாய் தனியே கொடுத்தார். வீட்டுக்கு இறைச்சி வாங்கிச் சென்றேன். அம்மா, “இன்னைக்கு என்னப்பா விசேஷம்?” என்று கேட்டார். “முதலாளி கொடுத்தார்” என்றேன். அது பொய்யன்று, உண்மையும் அன்று.

வாசகர்களே, ஏலம் என்பதே தவறு என்று எண்ணிவிட வேண்டாம். வறுமையுற்ற ஓர் அன்ஸாரித் தோழரின் விரிப்பையும் கோப்பையையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே கூட்டத்தினர் நடுவில் விலை கூறினார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். அதற்கு மேல் தருவோர் உண்டா என்று கேட்டார்கள். மற்றொருவர் இரண்டு திர்ஹம் தந்து வாங்கிக்கொண்டார். ஒரு திர்ஹத்திற்கு உணவும் மற்றொன்றிற்குக் கோடரியும் வாங்கச் செய்து, அத்தோழரை விறகு வெட்டி விற்க அனுப்பினார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் வருகிறது. அந்த ஏலம் ஒரு குடும்பத்தை நிமிர்த்தியது. அதில் கேட்ட இருவரும் வாங்கும் எண்ணத்தோடு கேட்டவர்கள்.

அமெரிக்காவில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது விந்தையான ஓர் ஏலத்தைப் பற்றிச் சொன்னார். அங்கே பேஸ்பால் என்னும் பந்தாட்டம் பெயர்பெற்றது. அதன் உண்மையான வீரர்களைக் கொண்டு காகிதத்தில் கற்பனை அணி அமைத்து, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி கணக்கிடுகின்றனர். யாருடைய அணியிலும் சேராத வீரர்களை வாரம் ஒருமுறை ஏலத்தில் எடுக்கலாம். தேர்ந்தவர்களின் போட்டிகளில் பருவம் முழுவதற்கும் ஒருவருக்கு 1000 டாலர் என்று கணக்குப் பணம் ஒதுக்குவதும் உண்டு, தீர்ந்தால் தீர்ந்ததுதான். கேள்வியோ மறைவானது. ஞாயிறு இரவு திறந்து பார்த்த பிறகே யார் எவ்வளவு கேட்டார் என்பது தெரியும். “இது கூடுமா ஹஜ்ரத்?” என்று கேட்டார். எல்லாரும் பணம் கட்டி, வென்றவர் அள்ளிக்கொள்வதாயின் அது சூதாட்டமே என்றேன். பணம் இல்லாவிடினும் தொழுகையையும் குடும்பத்தையும் அது தின்னக் கூடாது என்றேன்.

ஆயினும் அவர் சொன்ன ஒன்று என் மனத்தில் தங்கிவிட்டது. “ஒரு வீரர் ஒரே வாரம் நன்றாக ஆடிவிட்டால், எல்லாரும் அவரைக் கேட்பார்கள் என்று பயந்து 300 டாலர் கேட்டுவிடுவேன். திறந்து பார்த்தால் அடுத்தவர் கேட்டது 40 தான் இருக்கும்” என்றார் அவர். இது விளையாட்டில் மட்டும் நேர்வதன்று. எண்ணெய் வயல் ஏலங்களில், மிகுதியாக மதிப்பிட்டுத் தவறியவரே பெரும்பாலும் வெல்கிறார் என்பதை அமெரிக்கப் பொறியாளர் மூவர் 1971இல் எழுதிக் காட்டினர். ஏலத்தை ஆராய்ந்த பால் மில்க்ரோம், ராபர்ட் வில்சன் ஆகிய இரு பேராசிரியர்களுக்கு 2020இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் கிடைத்தது.

மறைவான கேள்வியில் பிறர் மதிப்பு நமக்குத் தெரியாது. எனவே அச்சம் நம்மை ஏமாற்றுகிறது. வெளிப்படையான கேள்வியிலோ பிறர் சொல்லும் விலை நமக்கு ஒரு சாட்சி. ‘சரக்கறிந்த இன்னொருவரும் இந்த விலை தருகிறாரே, நம் கணிப்பு சரிதான்’ என்று அதை நம்பியே மேலே போகிறோம். அன்று அண்ணாச்சி என் முதலாளியைத் திரும்பிப் பார்த்ததன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் சாட்சி தேடினார். நான் பொய்ச்சாட்சி சொன்னேன். நஜஷ் செய்பவனை வட்டி உண்பவன் என்றும் மோசடிக்காரன் என்றும் இப்னு அபீ அவ்ஃபா (ரலி) அவர்கள் ஏன் இவ்வளவு கடுமையாகச் சொன்னார்கள் என்பதும் விளங்கிற்று.

அந்த வேலையை விட்டு மதரஸாவுக்கு வந்த பின்னும் அந்த 2400 ரூபாய் என்னைவிட்டு நீங்கவில்லை. 2011இல் ஒருநாள் பணத்தை எடுத்துக்கொண்டு கம்பம் சென்று அண்ணாச்சியைப் பார்த்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பணத்தை எண்ணினார். பாதியை என் கையில் திரும்ப வைத்தார்.

“தம்பி, அன்னைக்கு எனக்கு முழுசா நஷ்டம் இல்லை. ஏறின விலையில் பாதியைச் சின்னக் கடைக்காரங்க தலையில்தான் வச்சேன். சின்னமனூர்லயும் கூடலூர்லயும் இருக்கிற கடைக்காரங்க, கால் ரூபாய் அரை ரூபாய்னு பாயசம் வைக்க வந்தவங்க தலையில் வச்சிருப்பாங்க. என் பங்கை நான் எடுத்துக்கிட்டேன். அவங்க பங்கை நீ யார்கிட்டே கொடுப்பே?” என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. அவர்கள் பெயரில் அத்தொகையை ஏழைகளுக்குக் கொடுத்தேன். மார்க்கம் காட்டும் வழி அது. ஆயினும் உரியவரிடம் சேர்த்துவிட்டேன் என்னும் நிறைவு இன்றுவரை இல்லை. ஒருவர் காதில் சொன்ன பொய் அவரோடு நின்றிருக்கும். கூடத்தில் சொன்ன பொய் மலையிறங்கி, எத்தனையோ அடுப்பங்கரைகளுக்குள் நுழைந்துவிட்டது.

விலை ஏறுவதும் இறங்குவதும் இறைவன் நாட்டம். 2018இல் கேரளத்தில் பெருவெள்ளம் செடிகளை அழித்தது. 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ 7000 ரூபாய் வரை கேட்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் சராசரி விலை ஆயிரம் ரூபாய் அளவுக்கு இறங்கியது. அந்த ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் யாரையும் குறை சொல்ல இயலாது. மனிதன் தன் நாவால் ஏற்றும் 15 ரூபாய்க்குத்தான் கேள்வி உண்டு. வாய்க்கேள்வி போய்க் கணினி வந்திருக்கலாம். திரை விலையைக் காட்டும், எண்ணத்தைக் காட்டாது.

நம் ஜமாஅத்துகளிலும் பள்ளிவாசல் கடைகள், தென்னந்தோப்பு, புளியமரம் ஆகியவற்றின் குத்தகை ஏலத்திற்கு வருகின்றன. அங்கே உறவுக்காகவோ பகைக்காகவோ விலையை ஏற்றிவிட்டு விலகுவதும் தவறு. நாலு பேர் கூடிப்பேசி, யாரும் மேலே கேட்பதில்லை என்று வக்ஃபின் வருமானத்தைக் குறைப்பதும் தவறு. கேட்கும் முன் நம்மையே கேட்போம்: இது எனக்கு வேண்டுமா? இந்த விலை என்னால் தர இயலுமா? எனக்கே முடிந்தால் மகிழ்வேனா? மூன்றாவது கேள்விக்கு மனம் தயங்கினால் வாயை மூடிக்கொள்வதே ஈமானுக்கு நல்லது.

இவ்வாண்டும் அந்தப் பாடம் வரும். அதே மாணவன் அதே வரிசையில் அமர்ந்திருப்பான். இன்ஷா அல்லாஹ், அவன் மீண்டும் எழுந்து கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுவேன்.