வெண்பனி தந்த பாடம்

காஷ்மீரின் குல்மார்க், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. பள்ளத்தாக்கில் டிசம்பர் 21-ஆம் நாள் ‘சில்லே கலான்’ எனும் நாற்பது நாள் கடுங்குளிர் தொடங்குகிறது. முதற்பனி பொழிந்ததும் மக்கள் ‘ஷீன் முபாரக்’ என வாழ்த்திக் கொள்கின்றனர். பள்ளிகளுக்கோ குளிர்கால விடுமுறை. ஆயினும் சிறார்க்குப் பாடம் நின்றுவிடுவதில்லை.

நாங்கள் சென்றிருந்தபோது, ஃபிரன் அங்கி அணிந்த சிறுவர் சிறுமியர் பனிக்கோட்டை எழுப்பிக் கொண்டிருந்தனர். நிழலில் உலர்ந்து கிடந்த பனி கையில் உதிர்ந்தது. வெயில் பட்டு ஈரம் கண்ட பனியோ உருண்டையாய்த் திரண்டது. எவரும் சொல்லாமலே பொருளின் இயல்பை அவர்கள் அறிந்து கொண்டனர். சறுக்கி விழுந்த சிறுவனை மூத்தவள் தூக்கிவிட்டாள். விரல்கள் விறைத்ததும், கூடைக்குள் மண்சட்டியில் தணலிட்ட ஒரே காங்கிரியில் அனைவரும் கை காய்ந்தனர்.

குளிருக்கு அஞ்சிப் பிள்ளைகளை விடுதி அறைக்குள் அடைத்து வைத்திருந்த நாங்கள் வெட்கினோம். கம்பளி உடுத்தி, கண்பார்வையிலேயே விளையாட விட்டோம்.

“அத்தா, இவ்வளவு பனியும் எங்கே போகும்?” என்றான் மகன்.

உருகி ஓடைகளாகி, ஜீலம் நதியில் கலந்து, கோடையில் வயல்களுக்குப் பாயும் என்றேன். 2024 ஜனவரியில் இவ்விடம் பனியின்றி வறண்டு கிடந்ததையும், அது எத்துணைக் கவலை தந்தது என்பதையும் கூறினேன்.

தொழுகையின் தொடக்கத்தில் ஓதும் துஆ ஒன்றில், நீராலும் பனியாலும் ஆலங்கட்டியாலும் பாவங்களைக் கழுவுமாறு இறைவனிடம் வேண்டக் கற்றுத் தந்தார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். மனனம் செய்திருந்த அந்த துஆவின் பொருளை, கையில் பனியை ஏந்தி நின்ற அன்றுதான் என் மகன் உணர்ந்தான்.