பத்து நாள் தீட்டு

ஆந்தை அலறினால் அபசகுனம் என்று கேட்டு வளர்ந்தவன் நான். ஆகையால், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து ஓசார்க் மலைக்காட்டில், ஏப்ரல் மாதத்து அந்திப்பொழுதொன்றில், எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் கைகளை வாயருகே குவித்து ஆந்தையைப் போலவே அலறியபோது, எனக்கு அச்சமும் சிரிப்பும் ஒருங்கே உண்டாயின. ஆனால் அவ்வொலி அடங்குமுன்பே எதிர்மேட்டு ஓக் மரத்தின் உச்சியிலிருந்து ஆண் வான்கோழியொன்று மறுமொழி கூறவே, மறுநாள் வேட்டைக்குரிய பறவை இராத்தங்கும் இடத்தை அறியும் உபாயம் அது என்பது விளங்கிற்று.

துப்பாக்கி மலிந்த தேசத்தில் வேட்டைக்கு வரம்பேது என்று நான் கொண்டிருந்த தப்பெண்ணம், அம்மேட்டின் அடிவாரத்திலேயே குலைந்தது. யாரோ மானுக்காகக் கொட்டிய மக்காச்சோளம் அங்கே சிதறிக் கிடந்தது. பெரியவர் ஒரு மணியைப் பொறுக்கிப் பார்த்துவிட்டு, "இந்த மேடு நமக்கில்லை" என்றார். இரையிட்ட இடத்தில் வான்கோழியைச் சுடலாகாது. இரையை முற்றிலும் அகற்றிய பின்னரும் பத்து நாள் அத்தீட்டுக் கழியாது என்பது அம்மாநிலத்து விதியாம்.

"நாம் போட்டதன்றே! இந்தக் காட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று வாதாடினேன். அவர் பேசவில்லை. இரவு, சமையலறை மேசைமீது வரைபடத்தை விரித்து அம்மேட்டைப் பென்சிலால் அடித்த பிறகே வாய் திறந்தார். அவர் குழந்தையாயிருந்த 1950களின் தொடக்கத்தில் மாநிலம் முழுவதிலும் எஞ்சியிருந்த காட்டு வான்கோழிகள் 2,500க்கும் குறைவாம். பிடித்து வேறு காடுகளில் விட்டுப் பெருக்கிய பின், 1960இல், 14 கவுண்டிகளில் மட்டும், மூன்றே நாள் வேட்டைக்கு அனுமதி கிடைத்ததாம். "மொத்தம் 94 பறவைகள். என் தகப்பனார் வெறுங்கையோடு வந்தார். ஆனால் கூவலைக் கேட்டேன் என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்."

விடியுமுன் வேறொரு பள்ளத்தில் மரத்தடியில் அமர்ந்தோம். சுண்ணக்கட்டி தேய்த்த மரப்பெட்டியின் மூடியை அவர் இழைக்க, பெட்டைக்கோழியின் குரல் எழுந்தது. சேவலோ தூரத்து மேட்டிலிருந்து கூவியதேயன்றி இறங்கவில்லை. பெட்டைதான் சேவலைத் தேடிச் செல்வது அவ்வினத்தின் இயற்கை. அதனோடு அங்கே சோளமும் இருந்தது. சூரியன் ஏறியபின் பெரியவர் பெட்டியை என் கையில் கொடுத்தார். எண்ணெய் காணாத கதவைப் போல் நான் எழுப்பிய அபஸ்வரத்துக்கும் அந்தப் பறவை தவறாது மறுமொழி கூறிற்று. பெரியவர், துப்பாக்கியை மடியிலேயே வைத்துக்கொண்டு, கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.