புள்ளி உதிர்ந்த மஸ்கெலியா

அண்மையில் ஊருக்குப் போயிருந்தபோது, மஸ்கெலியா பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு சிறிய லொறியைக் கண்டேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் 'பட்டா' என்று அழைக்கும் வகை. அதன் பெட்டியின் பக்கவாட்டில் பெரிய சிவப்பு எழுத்தில் 'மஸகெலியா' என்றிருந்தது. பத்திரிகைப் படிகளை ஆண்டுக்கணக்கில் ஒப்புநோக்கிப் பழகிய கண் அல்லவா, தாண்டிப் போக முடியவில்லை. கிட்டச் சென்று பார்த்தேன். எழுதியவர் பிழை விடவில்லை. 'ஸ்' தலையிலிருந்த புள்ளி உதிர்ந்து, அது இருந்த இடத்தில் கறுத்த பசைத் தடம் மட்டும் வட்டமாகக் கிடந்தது.

லொறியின் சொந்தக்காரன் என் பள்ளித் தோழர் ஒருவரின் மகன். என்னை மாமா என்று அழைப்பவன்.

"ஒட்டி ரெண்டு வருசந்தான் மாமா ஆகுது. மொத்தமா உரிச்சிட்டு புதுசா ஒட்டணும். அட்டனுக்குப் போறேன், கூட வர்றீங்களா?" என்றான்.

போனேன். அன்று அந்த ஸ்டிக்கர் கடையில் நான் கற்றுக்கொண்டதையும், வீடு திரும்பியபின் தேடிப் படித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். லொறியோ வேனோ ஆட்டோவோ ஓட்டிப் பிழைக்கும் உறவினர் உங்களில் பலருக்கும் இருப்பார்கள்.

கடைக்குப் போனதும் எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி, "சதுர அடி என்ன விலை?" அந்தக் கேள்வியிலேயே பாதி ஏமாற்றம் இருக்கிறது. ஸ்டிக்கர் என்று நாம் பொதுவாகச் சொல்லும் வினைல் தாள் ஒன்றல்ல, இரண்டு இனம். முதலாவது, சூடான பிளாஸ்ரிக்கை உருளைகளுக்கிடையே நசுக்கி இழுத்துச் செய்வது. இரண்டாவது, திரவமாக ஊற்றிப் பரப்பிக் காயவைப்பது. ரொட்டிக்கும் தோசைக்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டி மாவை உருட்டி விரித்துவிட்டுக் கையை எடுத்தால் மெல்லச் சுருங்கும். தோசை ஊற்றிய இடத்திலேயே கிடக்கும். தாள்களின் குணமும் அதுவே. உருட்டிய தாள் வெயிலில் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். ஓரம் உள்வாங்க, வெளியே தெரியும் பசையில் தூசு படிந்து கறுக்கும். ஊற்றிய தாள் ஏறத்தாழ 50 மைக்ரோன் மெல்லியது. ஆணித் தலை, வளைவு, பள்ளம் எல்லாவற்றிலும் படிந்து உட்காரும். விலையும் இரண்டு, மூன்று மடங்கு.

உருட்டிய தாளிலும் தரங்கள் உண்டு. மலிவானது ஓரிரு ஆண்டுகள் தாங்கும். இடைத்தரமானதைச் சமதளத்தில் ஒட்டினால் நான்கைந்து ஆண்டுகளுக்குக் குறைவைக்காது. பெயரை மட்டும் கேட்டுத் திருப்தியடையக் கூடாது. ஜேர்மனியின் ஒராக்கால் என்ற ஒரே பெயரில் 651 வரும், 951 வரும். முந்தியது உருட்டியது, பிந்தியது ஊற்றியது. நல்ல தாள்களின் முதுகில் பெயரும் எண்ணும் அச்சாகியிருக்கும். புரட்டிப் பாருங்கள். வெறுமையாக இருந்தால் கடைக்காரரின் வாய்ச்சொல் ஒன்றுதான் உத்தரவாதம்.

எங்கள் பிள்ளைக்கு வண்டி முழுவதும் படம் வேண்டுமாம். ஒரு பக்கம் சிவனொளிபாதமலை, மறுபக்கம் சிங்கம், பின்னால் முருகன். எல்லாம் மலிவுத் தாளில். கடையிலிருந்த துண்டுக் காகிதமொன்றில் நான் கணக்குப் போட்டேன். வசதிக்காக மலிவுத் தாள் அடி 300 ரூபா, ஊற்றிய தாள் 900 ரூபா என்று கொள்வோம். இரு பக்கமும் பின்புறமுமாக 76 சதுர அடியை மூடினால் 22,800 ரூபா. இரண்டு ஆண்டில் உரிக்க வேண்டும் என்றால் ஆண்டுக்கு 11,400. படத்தை விட்டுவிட்டு, பெயரையும் முகவரியையும் மட்டும் நல்ல தாளில் வெட்டி ஒட்டினால் 18 சதுர அடி போதும். 16,200 ரூபா. ஆறு ஆண்டு இருந்தால் ஆண்டுக்கு 2,700. எழுத்துகளுக்கிடையே உரித்தெறியும் வெற்றுத் தாளுக்கும் காசு வாங்குவார்கள், அதையும் அளவில் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒட்டுகூலி தனி.

பழையதை உரிக்கும்போது இன்னொரு செலவும் தெரிந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் முழுமையாகத் திறந்தது. அந்த ஐந்தாண்டு இடைவெளியில் வண்டி வாங்கியவர்கள் பலரையும்போல இவனும் பழையதொன்றை வாங்கி, உள்ளூரில் பெயின்ற் அடித்து, பெயின்ற் இறுகுமுன்பே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான். சூடு காட்டி மெல்ல இழுத்தும் ஸ்டிக்கரோடு பெயின்ற்றும் பாளம் பாளமாக வந்தது. ரூபாவின் கதையும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த ஆண்டு மே வரை 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. தாளும் மையும் பசையும் வெளிநாட்டிலிருந்து வருபவை. கடைக்காரர்கள் மலிவுத் தாளை நாடியதற்கு அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல.

2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் அனுமதியற்ற அலங்காரங்களைக் கழற்றத் தொடங்கியபோது எழுந்த ஆட்சேபத்தையும் நினைவூட்டினேன். பையன் அசைந்து கொடுக்கவில்லை.

"படம் வேணாம்னா விடுங்க மாமா. அட்ரஸ் மட்டும் பெருசா இருக்கணும்," என்றான் கடைசியில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுடைய தகப்பனாருக்கு வாழ்நாள் முழுவதும் சொந்த முகவரி இருந்ததில்லை. தோட்டத்தின் பெயர்தான் முகவரி. கடிதங்கள் மொத்தமாகத் தோட்டத்து ஒபிஸுக்கு வரும். அங்கிருந்து லயத்துக்கு வந்தால் வந்தது. நேர்முகத் தேர்வுக் கடிதம் திகதி கடந்தபின் கைக்கு வந்ததாக மலையகத்தில் எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்! மஸ்கெலியாவே முகவரி மாறிய ஊர்தான். பழைய நகரம் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கடும் வரட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயில் தலைகாட்டும். இப்போது இவனிடம் வீட்டிலக்கம் உண்டு. அது மரக்கறியோடு கொழும்பு வரை போகிறது. அதில் புள்ளி உதிரலாமா?

பெட்டியில் ஆணித் தலைகளும் வரிப்பள்ளங்களும் இருந்ததால் ஊற்றிய தாளையே சொன்னேன். வெறும் தட்டையான கதவென்றால் இடைத்தரமே போதும் என்றிருப்பேன். நிறம் கறுப்பு. சிவப்பு வெயிலில் சீக்கிரம் வெளிறும். எழுத்தின் உயரம் பற்றிப் பொதுவான கணக்கொன்று உண்டு: நன்றாக வாசிக்கப் பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குலம். அது ஆங்கில எழுத்துக்கு. நம் 'ணை'யும் 'ழு'வும் அதில் அடங்கா, கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டும். கணினியில் வேலை செய்த சிங்களத் தம்பி மிகப் பொறுமைசாலி. பாமினி எழுத்துருவில் புள்ளிகள் கடுகளவாக இருந்தன. சின்னத் துண்டுதான் முதலில் உதிரும் என்பதால் ஒவ்வொன்றையும் பெரிதாக்கச் சொன்னேன். எதற்கு இந்தக் கிழவருக்குப் புள்ளிமேல் இத்தனை ஆசை என்று நினைத்திருப்பார்.

ஒட்டுவதற்கு மூன்று நாள் காத்திருந்தோம். தூறலில் ஒட்டினால் பசை பிடிக்காது, விடியற்காலைக் குளிரிலும் பிடிக்காது. பத்துப் பாகை செல்சியஸுக்கு மேல், காய்ந்த தகட்டில், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தபின் ஒட்ட வேண்டும். மஸ்கெலியாவில் அப்படியொரு முற்பகல் கிடைப்பது லேசான காரியமா? உரிந்த இடங்களுக்கு அடித்த பெயின்ற் இறுகவும் அந்த மூன்று நாள் போதாது. அவ்விடங்களைத் தவிர்த்தே எழுத்துகளை அமைத்தோம். முருகனை மட்டும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை. பின்பக்கம் ஓர் அடிச் சதுரத்தில், மலிவுத் தாளில், மேலே லெமினேட் செய்து உட்கார்ந்திருக்கிறார்.

புறப்படும்போது கடைத் தம்பி மிச்சத் தாளில் இருபது புள்ளிகள் தனியாக வெட்டி ஒரு உறையில் போட்டுத் தந்தார். காசு வாங்கவில்லை. வண்டியின் காப்புறுதிப் பத்திரத்தோடு அந்த உறையும் சேர்ந்து இருக்கிறது.