குளிர்நாட்டில் ஒரு பிளம்பர்

திருத்தணியை அடுத்த நம் கே.ஜி.கண்டிகையில் தண்ணீர்க் குழாய் வெளிச்சுவரில் வெயில் காயும். ஒழுகினால் சணல் சுற்றிச் சமாளிப்போம். கனடாவின் டொராண்டோ நகரில், நாம் தங்கிய உறவினர் இல்லத்திலோ அது சுவருக்குள் ஒளிந்திருந்தது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பெருக்குமாதலால், கடுங்குளிரில் குழாய் வெடித்து வீடே நனைந்துவிடும். அங்குக் குடிபுகுவோர் முதலில் அறிய வேண்டியது, தண்ணீர் வரத்தை நிறுத்தும் வால்வு எங்கே என்பதே. பெரும்பாலும் நிலவறையில் இருக்கும். பிளம்பர் வரும்வரை அதுவே காவல். ஒன்டாரியோ மாகாணத்தில் அவருக்குத் தகுதிச் சான்று கட்டாயம். வேலையும் வகுப்புமாக ஏறத்தாழ 9,000 மணி நேரப் பயிற்சி! கூலி நம்மை மலைக்க வைத்ததில் வியப்பில்லை. அங்கே பிள்ளைகளைக் குடிவைத்திருக்கும் பெற்றோரே, சான்றைப் பார்த்து, மதிப்பீட்டை எழுத்தில் பெற்றபின் வேலையை ஒப்படைக்கச் சொல்லுங்கள். உறைபனி இரவில் குழாயைச் சற்றே சொட்டவிடுவதும் அங்கே ஒரு முன்னெச்சரிக்கை. கண்டிகைப் பாட்டி கண்டால் பொறுப்பாளா?