மஞ்சள் விளக்கும் நாற்பது பக்க நோட்டும்

சற்று நீளமான பதிவு. டீசல் கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள், பயன்படும்.

என் கார் 2014 மாடல் டீசல் வண்டி. துணைவியாரை மாதம் இரண்டு முறை குளித்தலையிலிருந்து திருச்சிக்குச் சிகிச்சைக்கு அழைத்துப் போவது அதில்தான். மார்கழி மாதத்தில் ஒரு தொல்லை ஆரம்பித்தது. வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போது எஞ்சின் திடீரென நடுங்கும். 800-ல் நிற்க வேண்டிய ஆர்.பி.எம். முள் ஏறி இறங்கும். மஞ்சள் எஞ்சின் விளக்கு எரியும். இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால் விளக்கும் இருக்காது, நடுக்கமும் இருக்காது. ஒருநாள் ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது எஞ்சின் நின்றே போனது. பின்னால் மணல் லாரி. பக்கத்தில் துணைவியார்.

மறுநாளே ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஸ்கேனர் போட்டார்கள். பி 0087 என்று கோடு வந்தது. இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் ரெயிலில் அழுத்தம் குறைகிறது என்பது அதன் பொருள். "பம்ப்பும் நாலு இன்ஜெக்டரும் மாத்திடலாம் சார்" என்றார்கள். தொகை என் இரண்டு மாத ஓய்வூதியத்தைத் தாண்டியது. "மாற்றினால் நிச்சயம் சரியாகிவிடுமா தம்பி?" என்றேன். "மாத்திப் பார்க்கலாம் சார்" என்பதுதான் பதில்.

முப்பத்து நான்கு ஆண்டு விடைத்தாள் திருத்தியவன் நான். ஒரு பையன் கணக்கில் 20 மார்க் வாங்கினால், அவனுக்குக் கணக்கு வரவில்லை என்று மார்க் சொல்லும். ஏன் வரவில்லை என்று சொல்லாது. வாய்ப்பாடு தெரியாமல் இருக்கலாம், கரும்பலகை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம், காலையில் சாப்பிடாமல் வந்திருக்கலாம். ஸ்கேனர் காட்டும் கோடும் மார்க் மாதிரிதான். பில்டர் அடைப்பு, குழாயில் காற்று, சென்சார் கோளாறு, பம்ப் தேய்மானம், இன்ஜெக்டர் கசிவு எதுவாக இருந்தாலும் அதே கோடு வரலாம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். நடுக்கம் வந்த ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், எஞ்சின் சூடா குளிரா, ஏ.சி. ஓடியதா, டீசல் எவ்வளவு என்று குறித்தேன். அந்த மூன்று வாரமும் திருச்சிக்கு வாடகைக் காரில் போனோம். மொத்தம் 9 முறை வந்தது. ஒன்பதிலும் டீசல் கால் டேங்குக்குக் கீழே. டேங்க் நிரம்பியிருந்த நாட்களில் ஒருமுறைகூட வரவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிராக்டர், மினி லாரி பார்க்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டு, "காத்து இழுக்குது சார்" என்றார். பில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபைப் போட்டு ஸ்டார்ட் செய்தார். டீசலோடு குமிழ் குமிழாகக் காற்று ஓடியது. அடுத்து நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களையும் நான்கு பாட்டிலில் விட்டார். நான்கிலும் ஒரே அளவு. ஒன்று மட்டும் வேகமாக நிறைந்திருந்தால் அந்த இன்ஜெக்டர் கசிகிறது என்று அர்த்தம். அப்படி இல்லை.

பழுது பில்டர் மூடியில் இருந்த ஒரு ரப்பர் வளையம். இறுகிப்போய் வெடித்திருந்தது.

தரையில் ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகவில்லையே என்று கேட்டேன். இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவில் ஊசி ஓட்டை இருந்தால் இளநீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே வரும். என் வண்டியில் டேங்குக்குள் தனி பம்ப் கிடையாது. எஞ்சினில் உள்ள பம்ப்தான் உறிஞ்ச வேண்டும். டேங்கில் டீசல் இறங்க இறங்க உறிஞ்சும் வேலை கூடுகிறது, காற்றும் கூடுகிறது. நோட்டில் இருந்த ஒன்பது வரிக்கும் விளக்கம் அதுதான்.

வளையமும் புது பில்டரும் கூலியும் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஐந்து மாதமாக விளக்கு எரியவில்லை.

நண்பர்களுக்கு மூன்று விஷயம். மஞ்சள் விளக்கு என்றால் சீக்கிரம் காட்ட வேண்டும். ஆயிலுக்கோ வெப்பத்துக்கோ சிவப்பு எரிந்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை உடனே அணைக்க வேண்டும். ஓடும் எஞ்சினில் இன்ஜெக்டர் குழாய்களைத் தொடாதீர்கள். அங்கிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும். கோடை அழிக்கச் சொல்வதற்கு முன் அதன் எண்ணையும், எப்போதெல்லாம் தொல்லை வந்தது என்பதையும் எழுதி வையுங்கள். விட்டு விட்டு வரும் கோளாறு மெக்கானிக் முன்னால் வராது. அதைப் பார்த்த சாட்சி நீங்கள் மட்டும்தான்.