ஹெப்பாரினும் நிர்ப்பந்தத்தின் சட்டமும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே.

என் அத்தாவுக்கு 78 வயதில் இதயத்தின் பெருந்தமனி வால்வு சுருங்கிவிட்டது. நெஞ்சைத் திறக்காமல், தொடையின் இரத்தக்குழாய் வழியாகப் புதிய வால்வைப் பொருத்தலாம் என்றார் மருத்துவர். 2002ஆம் ஆண்டு பிரான்சின் ரூவான் நகரில் அலான் கிரிபியே என்ற மருத்துவர் முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செய்த சிகிச்சை இது.

அதன் அபாயத்தையும் மருத்துவர் மறைக்கவில்லை. உள்ளே செலுத்தும் குழாயின் மீது இரத்தம் உறையலாம்; பழைய வால்வில் படிந்த சுண்ணாம்புத் துகள்கள் உதிரலாம். அவை மூளையின் இரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம். 100 பேரில் 2 அல்லது 3 பேருக்கு இவ்வாறு நேர்கிறது. இரத்தம் உறையாதிருக்கவே ஹெப்பாரின் என்ற மருந்தைச் செலுத்துகிறார்கள்.

இன்று புழக்கத்தில் உள்ள ஹெப்பாரினில் பெரும்பகுதி பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. இதை அறிந்த அத்தா, "ஹராமை உடம்பில் ஏற்றிக்கொண்டு அல்லாஹ்வை எப்படிச் சந்திப்பேன்? அந்த ஊசி இல்லாமல் செய்யச் சொல்" என்றார்.

நிர்ப்பந்தத்தின் சட்டத்தை ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கற்பிப்பவன் நான். வேறு வழி இருக்கக்கூடாது; தேவையின் அளவைத் தாண்டக்கூடாது. எனவே முதலில் மாற்று உண்டா என்று மருத்துவரிடமே கேட்டேன். "பிவாலிருடின் என்ற செயற்கை மருந்து உண்டு. ஆனால் இரத்தம் கசிந்தால் ஹெப்பாரினின் வேகத்தை உடனே முறிக்க மருந்து இருக்கிறது, இதற்கு இல்லை. அத்தாவின் சிறுநீரகமும் பலவீனமாக இருக்கிறது. ஹெப்பாரின்தான் பாதுகாப்பு" என்றார். வால்வைப் பற்றியும் கேட்டேன். பன்றியின் இதய உறையில் செய்யப்படுபவையும் உண்டு, மாட்டின் இதய உறையில் செய்யப்படுபவையும் உண்டு. இங்கே மாற்று இருந்ததால் மாட்டினுடையதையே கேட்டோம்.

என் ஆசிரியரான மூத்த ஆலிமிடம் இவ்விவரங்களை வைத்தேன். அவர் அத்தாவிடம் நேரில் வந்து, "உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். நம்பகமான மருத்துவர் வேறு வழியில்லை என்கிறார். தயங்காதீர்கள்" என்றார். அத்தா நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார்.

அல்லாஹ்வின் அருளால் அவருக்குப் பக்கவாதம் ஏற்படவில்லை. ஆனால் அது ஏற்பட்டிருந்தாலும் எங்கள் முடிவு தவறாகியிருக்காது. முயற்சி நம் கடமை, முடிவு அவனுடையது.

அன்புச் சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மனத்திலும் இத்தகைய ஐயம் இருக்கலாம். சிகிச்சைக்கு முந்திய இரவுவரை அதைத் தள்ளிப்போடாதீர்கள். மருந்தைப் பற்றி மருத்துவரிடமும் சட்டத்தைப் பற்றி ஆலிமிடமும் முன்கூட்டியே கேளுங்கள். அல்லாஹ் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண சுகத்தை அருள்வானாக!